மோதல் தீர்வு படிக்கும் மாணவரும் களப் பயணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் மோதல் தீர்வு அல்லது அமைதி ஆய்வு பயிலும் மாணவர்கள், படிப்பின் ஒரு பகுதியாக மோதலைக் கடந்து வந்த நாடுகளுக்குச் செல்ல எண்ணும்போது எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

மோதல் தீர்வு என்ற பாடத்தில் உண்மையில் எதைக் கற்கிறார்கள்?

பெயரைக் கேட்டவுடன் இதைப் பேச்சுவார்த்தைக் கலை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பேச்சுவார்த்தையும் மத்தியஸ்தமும் இதன் ஒரு பகுதி மட்டுமே. வரலாறு, பன்னாட்டுச் சட்டம், சமூக உளவியல், அரசியல் அறிவியல் ஆகியவற்றிலிருந்தும் இத்துறை நிறைய எடுத்துக்கொள்கிறது. துறை பழமையானதன்று. 1957-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் ஆய்விதழ் தொடங்கியது. 1959-இல் யோஹான் கால்டுங் என்ற அறிஞர் நார்வேயின் ஓஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். ஸ்வீடனின் உப்சாலாவில் 1971-இலும் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1973-இலும் தனித் துறைகள் உருவாயின.

முதல் ஆண்டிலேயே எல்லோரும் கற்கும் கருத்துகள் இரண்டு. ஒருவர் கேட்பது ஒன்றாகவும், அதைக் கேட்க வைக்கும் தேவை வேறொன்றாகவும் இருக்கலாம் என்பது முதலாவது. 1978-இல் கேம்ப் டேவிட்டில் எகிப்தும் இஸ்ரேலும் சினாய் தீபகற்பத்துக்காகப் பதின்மூன்று நாள் பேசியபோது, எங்கே கோடு போட்டாலும் இரு தரப்பும் ஏற்கவில்லை. எகிப்துக்குத் தேவைப்பட்டது இறையாண்மை, இஸ்ரேலுக்குத் தேவைப்பட்டது பாதுகாப்பு என்று பிரித்துப் பார்த்த பிறகுதான், நிலம் முழுவதையும் எகிப்துக்குத் திருப்பிக் கொடுத்து, அதன் பெரும்பகுதியில் படைகளுக்குக் கட்டுப்பாடு விதிப்பது என்ற தீர்வு கிடைத்தது. இரண்டாவது, கால்டுங் வகுத்த வேறுபாடு: நேரடி வன்முறை ஓய்ந்திருப்பது ஒருவகை அமைதி, அந்த வன்முறைக்குக் காரணமான அநீதிகளும் நீங்கியிருப்பது வேறுவகை அமைதி. களப் பயணத்துக்குக் கிளம்பும் மாணவர் மூட்டையில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது கருத்தைத்தான்.

அமைதி உடன்பாடுகளின் வாசகம் இணையத்திலேயே கிடைக்கிறது. பிறகு பயணம் எதற்கு?

உடன்பாடு கையெழுத்தான பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பார்ப்பதற்கு. பயணத்துக்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

வட அயர்லாந்தை எடுத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டினருக்கும் இடையே ஏறத்தாழ 3,500 பேரைப் பலிகொண்ட முப்பது ஆண்டு மோதலுக்குப் பின், 1998 ஏப்ரல் 10-இல் புனித வெள்ளி உடன்பாடு எட்டப்பட்டது. மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் வாக்களித்தோரில் 71 விழுக்காட்டினர் அதை ஆதரித்தனர். இவ்வளவும் நூலில் உள்ளது. பெல்ஃபாஸ்டின் மேற்குப் பகுதிக்குச் சென்றால், கத்தோலிக்கர் வாழும் ஃபால்ஸ் சாலைக்கும் புராட்டஸ்டண்டினர் வாழும் ஷாங்கில் சாலைக்கும் நடுவே வீட்டுக் கூரைகளைவிட உயரமான சுவர் ஒன்று இன்றும் நிற்பதைக் காணலாம். பாம்பே தெருவில் அந்தச் சுவரை ஒட்டிய வீடுகளின் பின்முற்றங்களுக்கு மேல் இரும்புக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். மறுபக்கத்திலிருந்து எறியப்படும் கல் உள்ளே விழாமலிருக்க அந்த ஏற்பாடு. சுவரிலுள்ள வாயிற்கதவுகளில் சில மாலையானதும் மூடப்படுகின்றன. 1969-இல் தற்காலிகம் என்று சொல்லி எழுப்பத் தொடங்கிய இத்தகைய சுவர்கள் அனைத்தையும் 2023-க்குள் அகற்றிவிடுவோம் என்று 2013-இல் வட அயர்லாந்து அரசு அறிவித்தது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது, சுவர்கள் நிற்கின்றன.

அங்கே குடியிருப்பவர்களிடம் பேசினால் விந்தையான விடை கிடைக்கும். சுவர் போக வேண்டும் என்பதில் பலருக்கு மறுப்பில்லை. ஆனால் தம் வீட்டுக்குப் பின்னாலுள்ள சுவர் இப்போதைக்கு இருக்கட்டும் என்பார்கள். இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. இரவில் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்ற தேவைக்கு உடன்பாடு இன்னும் முழு உத்தரவாதம் தரவில்லை என்பதையே அவர்கள் சொல்கிறார்கள். கேட்பதற்கும் தேவைக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையில் எத்தனை முறை படித்திருந்தாலும், அந்த முற்றத்துக் கம்பி வலைக்குக் கீழே நின்று கேட்கும்போதுதான் அது உறைக்கிறது.

போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டுக்கு மாணவர் செல்லலாமா?

கூடாது. பயிற்சியற்ற மாணவரால் அங்கே எவருக்கும் உதவ முடியாது. அவரைக் காப்பாற்றும் சுமை பிறர் தலையில் விழும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் இதற்கு அனுமதி தருவதுமில்லை.

முதல் பயணத்துக்கு எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

இடத்தை முதலில் முடிவு செய்வது தலைகீழ் வேலை. கேள்வியை முடிவு செய்தால் இடம் தானாக வந்து நிற்கும்.

அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்பது உங்கள் கேள்வியானால், பெல்ஃபாஸ்டுடன் போஸ்னியாவையும் சேர்த்துப் பார்க்கலாம். போஸ்னியப் போரை நிறுத்த 1995-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் பேசி முடித்து, டிசம்பர் 14 அன்று பாரிஸில் கையெழுத்தான உடன்பாட்டின் நான்காவது இணைப்புதான் இன்றுவரை போஸ்னியாவின் அரசியலமைப்புச் சட்டம். போஸ்னியாக், செர்பு, குரோவட் ஆகிய மூன்று இனத்தாருக்கும் ஒவ்வொருவர் என மூவர் கூடிக் குடியரசுத் தலைமைப் பதவியை வகிக்கிறார்கள். இம்மூன்றில் எதிலும் சேராத ஒருவர் அப்பதவிக்குப் போட்டியிட முடியாது. ரோமா இனத்தவர் ஒருவரும் யூதர் ஒருவரும் தொடுத்த வழக்கில் இது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009-இலேயே தீர்ப்பளித்தது. துப்பாக்கிகளை ஓயவைத்த ஏற்பாடே, பிறகு நாட்டை அதே கோடுகளில் உறையவைக்கவும் செய்யலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மோஸ்டார் நகரில் 1566-இல் கட்டப்பட்டு 1993 நவம்பரில் குண்டுவீச்சில் சரிந்த பாலத்தைப் பன்னாட்டு உதவியோடு 2004-இல் திரும்பக் கட்டிவிட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் அதைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். தேர்தல் விதிகளில் உடன்பாடு காண முடியாமல் அதே நகரில் 2008-க்குப் பிறகு 2020 வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை என்பதும், போஸ்னியாவின் பல ஊர்களில் ஒரே பள்ளிக் கட்டடத்தில் இரு இனக் குழந்தைகளும் வெவ்வேறு பாடத்திட்டங்களில் தனித்தனியாகப் படிக்கிறார்கள் என்பதும் படத்தில் வராது.

நீதியும் மன்னிப்பும் பற்றிய கேள்வியானால் தென்னாப்பிரிக்காவும் ருவாண்டாவும் பொருந்தும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக்காலக் குற்றங்களை ஆராயப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996-இல் விசாரணைகளைத் தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்துவோருக்குப் பொதுமன்னிப்பு வழங்கலாம் என்ற விதியில் இயங்கியது. வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனையாகவே இல்லை. இதைக் கேட்கும் மாணவர்கள் பெரும்பாலும் திடுக்கிடுகிறார்கள். பொதுமன்னிப்புக் கோரிய 7,112 பேரில் 849 பேருக்கு அது கிடைத்தது. மறுபுறம், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் உதவித்தொகை தர வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்திருக்க, அரசு 2003-இல் ஒரே தவணையாக 30,000 ராண்ட் தருவதென முடிவு செய்தது. நல்லிணக்கத்தின் உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு என்று வெளியில் பேசப்படும் ஒன்றை, அதில் சாட்சி சொன்னவர்களின் குடும்பங்கள் எப்படி எடைபோடுகின்றன என்பதை அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

ருவாண்டாவில் 1994-இல் நடந்த இனப்படுகொலையில் ஏறக்குறைய நூறு நாட்களில் எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் எண்ணிக்கை வழக்கமான நீதிமன்றங்களால் தாங்க முடியாத அளவுக்கு இருந்ததால், ஊரார் தேர்ந்தெடுத்த நடுவர்கள் திறந்தவெளியில் விசாரிக்கும் கச்சாச்சா மன்றங்கள் உருவாக்கப்பட்டு, 2012-இல் அவை மூடப்படும்வரை பத்தொன்பது இலட்சம் அளவிலான வழக்குகளை முடித்தன. அங்கே செல்பவர் ஒன்றை முன்கூட்டியே மனத்தில் கொள்ள வேண்டும்: ஒருவரிடம் நீங்கள் எந்த இனம் என்று கேட்பது அங்கே அநாகரிகம் மட்டுமன்று, இனப்பகையைத் தூண்டுவதற்கு எதிரான சட்டங்கள் கடுமையாக உள்ள நாடு அது.

பிரிந்து கிடக்கும் நகரத்தைக் காண விரும்பினால், தெற்கே கிரேக்க சைப்ரியட்டுகளும் வடக்கே துருக்கிய சைப்ரியட்டுகளுமாகப் பிளவுபட்ட சைப்ரஸ் தீவின் நிக்கோசியா. முதல் பயணத்துக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். நகரம் சிறியது, நடந்தே பார்க்கலாம். 2008-இல் திறக்கப்பட்ட லெட்ரா தெருக் கடவையில் ஒரு பக்கக் காவலரிடம் அடையாள ஆவணத்தைக் காட்டிவிட்டுச் சில அடிகள் நடந்து மறுபக்கக் காவலரிடம் மீண்டும் காட்ட வேண்டும். நடுவிலுள்ள பகுதி ஐ.நா. படையின் கண்காணிப்பில் உள்ளது. 2004-இல் தீவை இணைக்கும் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது துருக்கிய சைப்ரியட்டுகளில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஏற்க, கிரேக்க சைப்ரியட்டுகளில் 76 விழுக்காட்டினர் மறுத்தனர். ஏன் என்ற கேள்விக்குத் தெருவின் இரு முனைகளிலும் வெவ்வேறு விடைகள் கிடைக்கும். இரண்டையும் ஒரே பிற்பகலில் கேட்க முடிவதுதான் இந்நகரத்தின் சிறப்பு.

ஒரே பயணத்தில் பல நாடுகளைப் பார்ப்பது நல்லதா?

இல்லை. இரண்டு வாரத்தில் ஐந்து நாடு என்று திட்டமிடுபவர் நினைவிடங்களை மட்டுமே பார்த்துத் திரும்புவார். ஒரே ஊரில் மூன்று வாரம் தங்கினால், முதல் வாரத்தில் எல்லோரும் சொல்லும் ஒப்புவித்த விடைகளும் மூன்றாம் வாரத்தில் உண்மையான விடைகளும் கிடைக்கும்.

அங்கே யாரைச் சந்திக்க வேண்டும்?

ஜான் பால் லெடராக் என்ற அறிஞர் சமூகத்தை மூன்று தட்டுகளாகப் பிரித்துக் காட்டினார்: மேலே அரசியல், படைத் தலைவர்கள், கீழே அன்றாட மக்கள், நடுவில் ஆசிரியர்கள், மதகுருமார், தொழிற்சங்கத்தினர், தொண்டு நிறுவனத்தினர் போன்றோர். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஒருசேர உறவுள்ள நடுத்தட்டினரே அமைதியை நிலைபெறச் செய்வதில் முக்கியமானவர்கள் என்பது அவர் வாதம். மாணவருக்கு இது நடைமுறையிலும் உதவுகிறது. அமைச்சரைச் சந்திக்க முயன்று நாட்களை வீணாக்குவதைவிட, பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரையும் உள்ளூர் இளைஞர் மன்றத்தை நடத்துபவரையும் சந்திப்பது எளிது, பயனும் அதிகம். வட அயர்லாந்தில் 1965 முதல் இரு சமூகத்தாரையும் ஒரே கூரையின் கீழ் கூட்டிவரும் கோரிமீலா, நிக்கோசியாவின் இடைப்பகுதியிலேயே இயங்கும் ஒத்துழைப்பு இல்லம் போன்ற இடங்கள் வெளியிலிருந்து வருவோரை வரவேற்று அனுபவப்பட்டவை.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. அயல்நாட்டு மாணவரோடு ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசக்கூடியவர் பெரும்பாலும் அமைதிப் பணியில் ஏற்கெனவே ஈடுபட்டிருப்பவர். அவரை மட்டும் கேட்டால் நாடே நல்லிணக்கத்தை விரும்புவதாகத் தோன்றும். உடன்பாட்டை எதிர்த்து வாக்களித்தவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். கொலம்பியாவில் 2016 அக்டோபரில் ஃபார்க் என்ற கிளர்ச்சி அமைப்புடனான அமைதி உடன்பாடு வாக்கெடுப்பில் மயிரிழையில், 50.2 விழுக்காட்டினரின் எதிர்ப்பால், தோற்றது. ஆதரவாளர்களை மட்டும் சந்தித்தவர்களுக்கு அது பேரதிர்ச்சியாக இருந்தது.

முன்னாள் போராளிகளும் கைதிகளும் நடத்தும் வழிகாட்டிச் சுற்றுகளை நம்பலாமா?

பங்கேற்கலாம்; ஆனால் அதைத் தரவு என்று எண்ணாமல் ஒரு தரப்பின் வாதம் என்று எண்ணிக் கேட்க வேண்டும். நெல்சன் மண்டேலா 18 ஆண்டுகள் அடைபட்டிருந்த ராபன் தீவில் முன்னாள் அரசியல் கைதிகளே சிறைக்கூடங்களைக் காட்டியிருக்கிறார்கள். பெல்ஃபாஸ்டில் சுற்றின் முதல் பாதியை ஒரு தரப்பின் முன்னாள் கைதி நடத்தி, சுவரருகே வந்ததும் குழுவை மறுதரப்பின் முன்னாள் கைதியிடம் ஒப்படைக்கும் வழக்கம் உண்டு. ஒரே நிகழ்ச்சியை இருவரும் எங்கே தொடங்கிச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டுக்கு அதுவே போதுமான பொருளாகலாம்.

பாதிக்கப்பட்டவர்களிடம் நேர்காணல் எடுக்கலாமா?

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எடுக்கக் கூடாது. ஒப்புதல் கிடைத்தாலும், இளநிலை மாணவருக்கு இது தேவைதானா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் நடந்த படுகொலையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் இழந்த குடும்பங்கள், ஆண்டாண்டாக வரும் ஆய்வாளர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் அதே நாளைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அவர்களில் பலருடைய சாட்சியம் பன்னாட்டு நீதிமன்றத்தின் ஆவணங்களில் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. அதை வாசித்துவிட்டு, அதில் இல்லாத ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தால் மட்டுமே அணுகுவது முறை.

இரகசியம் காப்பதாக வாக்களிப்பதிலும் கவனம் வேண்டும். பாஸ்டன் கல்லூரி நடத்திய வாய்மொழி வரலாற்றுத் திட்டம் ஒன்றில், 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக்குழுவினர் பலர், தாம் இறக்கும்வரை வெளியிடப்படாது என்ற உறுதிமொழியை நம்பி மனம் திறந்து பேசினார்கள். 2011-இல் பிரிட்டிஷ் அதிகாரிகளின் வேண்டுகோளின்பேரில் அமெரிக்க அரசு அந்த ஒலிப்பதிவுகளைச் சட்டப்படி கோரியது. நீண்ட வழக்குக்குப் பின் அவற்றில் ஒரு பகுதி காவல்துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நீதிமன்ற ஆணை வந்தால் மாணவரின் வாக்குறுதி நிற்காது. ஆகவே தண்டனைக்குரிய செயல் எதையும் யாரும் உங்களிடம் சொல்லும் நிலைக்குப் பேச்சைக் கொண்டுபோகாதீர்கள். பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதாமல் குறியீடு பயன்படுத்துங்கள். கணினியிலுள்ள கோப்புகளைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி வையுங்கள்.

விசாவிலும் பாதுகாப்பிலும் தனிக் கவனம் தேவைப்படுவது எங்கே?

பிளவுபட்ட இடங்களில் எல்லைகளே மோதலின் பகுதியாக இருப்பதால், பயண முகவர் சொல்வதை மட்டும் நம்பிப் போகக் கூடாது. சைப்ரஸின் வடபகுதி விமான நிலையம் வழியாக நுழைவதைச் சைப்ரஸ் குடியரசு சட்டப்படியான நுழைவாக ஏற்பதில்லை. செர்பியா தன் பகுதியாகவே கருதும் கொசோவோவுக்குள் வேறு நாட்டு வழியாக நுழைந்துவிட்டு அங்கிருந்து நேராகச் செர்பியாவுக்குள் போக முயன்றால் திருப்பி அனுப்பப்படலாம். அயர்லாந்துக் குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையே சாலையில் சோதனைச் சாவடியே இல்லை. ஆனாலும் அவை இரு வேறு நாடுகளின் குடிவரவுச் சட்டங்களுக்கு உட்பட்டவை என்பதால், பேருந்தில் தெரியாமல் கடந்துவிட்டு அகப்பட்டுக்கொள்ள வேண்டாம். போஸ்னியாவின் ஊர்ப்புறங்களில் கண்ணிவெடிகள் முழுமையாக அகற்றப்படவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் அதற்கான எச்சரிக்கை. ஆளற்ற வீடுகளுக்குள் நுழைவதும் பாதையை விட்டு விலகி நடப்பதும் அங்கே கூடாது.

உள்ளூர் மொழி தெரியாவிட்டால்?

மொழிபெயர்ப்பாளர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதை முன்னதாகவே அறிந்துகொள்ளுங்கள். மறுசமூகத்து மூதாட்டி ஒருவர் அவர் முன்னிலையில் எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்பது அதைப் பொறுத்தது. முடிந்தால் இரு சமூகத்திலிருந்தும் ஒவ்வொருவரை வைத்துக்கொள்ள வேண்டும்.

நானே ஒரு மோதலில் ஒரு தரப்பைச் சேர்ந்தவன். நடுநிலையோடு ஆய்வு செய்ய முடியுமா?

முடியும், ஆனால் முதல் பயணத்தை உங்கள் மோதலோடு தொடர்பில்லாத வேறிடத்துக்கு மேற்கொள்வது நல்லது. பிறர் மோதலில் இரு பக்க நியாயமும் நமக்கு எளிதில் கண்ணில் படும். அந்தப் பழக்கம் கைவந்த பிறகு சொந்த மோதலுக்குத் திரும்பும்போது, நம் தரப்பினர் எந்தக் கேள்விக்கு உடனே கோபப்படுகிறார்கள் என்பதைக் கவனிக்க முடிகிறது. ஆய்வேட்டின் முன்னுரையில் நீங்கள் எந்தத் தரப்பிலிருந்து வருகிறீர்கள் என்பதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். தேர்வாளர்கள் அதைக் குறையாகக் கொள்வதில்லை, மறைத்தால்தான் குறையாகக் கொள்கிறார்கள்.

கொடுமைகளைக் கேட்டுக்கேட்டு மனம் பாதிக்கப்படுமா?

பாதிக்கப்படலாம், அது இயல்பு. ஒரு நாளில் இரண்டு நினைவிடங்களுக்குச் செல்லாதீர்கள். உறக்கம் கெட்டால் வேலையை நிறுத்திவிட்டு, ஆய்வு வழிகாட்டியிடமும் பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடமும் பேசுங்கள்.

பயணம் செல்ல வசதியில்லாதவர் என்ன செய்வது?

உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கலாம், எனினும் பெயர்பெற்ற ரோட்டரி அமைதி உதவித்தொகை பணி அனுபவமும் கேட்பதால், இளநிலையில் இருப்பவருக்கு அது பின்னாளில்தான் பயன்படும். பயணமின்றியும் செய்யத்தக்கது நிறைய உண்டு. தென்னாப்பிரிக்க ஆணையத்தின் விசாரணைப் பதிவுகளும், முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயத்தின் சாட்சியங்களும், வட அயர்லாந்து மோதல் குறித்து அல்ஸ்டர் பல்கலைக்கழகம் தொகுத்த கெய்ன் ஆவணக் காப்பகமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே ஒரு சாட்சியத்தை முழுமையாக, குறுக்கு விசாரணை உட்பட வாசித்தவர், பத்து நினைவிடங்களைச் சுற்றிவந்தவரைவிட அதிகம் கற்றிருப்பார் என்று தயங்காமல் சொல்வேன்.

களக்குறிப்புகளை ஆய்வேடாக மாற்றுவது எப்படி?

அன்றன்றைய குறிப்பை அன்றிரவே எழுதிவிட வேண்டும். பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் கண்டதும் கேட்டதும், மறுபக்கம் உங்கள் கருத்தும் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதம் கழித்து எது அவர் சொன்னது, எது நீங்கள் ஊகித்தது என்ற குழப்பம் வராது. ஊர் திரும்பியதும் உடன்பாட்டின் வாசகத்தை எடுத்து, உங்கள் குறிப்புகள் அதன் எந்தப் பிரிவோடு முரண்படுகின்றன என்று தேடுங்கள். பாம்பே தெருக் கம்பி வலையைப் பற்றிய குறிப்பு இருந்தால், பாதுகாப்பு பற்றிய பிரிவு யாருக்கு என்ன வாக்களித்தது, அதை நிறைவேற்றும் பொறுப்பு எவரிடம் ஒப்படைக்கப்பட்டது, எந்த ஆண்டில் எது தடைபட்டது என்று வரிசையாகப் பின்தொடரலாம். முரண்பாடு தென்படும் பிரிவு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். இளநிலை ஆய்வேட்டுக்கு ஒரு பிரிவே தாராளம். எழுதி முடித்தபின், நேர்காணல் தந்தவர்கள் விரும்பினால் அவர்கள் சொன்னதாக வரும் பகுதிகளை அவர்களுக்கே அனுப்பி, திருத்தம் கேட்ட பிறகு சமர்ப்பியுங்கள்.